தண்ணீர்க் கேன் மேல் உட்கார்ந்த கதை

புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று உங்கள் எச்.ஆர். தம்பி போன் செய்தார். ஊக்கம் என்னிடம் ஸ்டாக் இல்லை என்றேன். "அனுபவம் இருக்குமே மேடம்" என்றார். அது இருக்கிறது, குடோன் நிறைய இருக்கிறது, பாதி ஈரம் ஏறிப்போன சரக்கு. அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். கேட்க முடியாதவர்கள் தாராளமாகத் தூங்கலாம். சாப்பாடு வந்ததும் நானே எழுப்பிவிடுகிறேன்.

இன்னொன்று. காலையில் நான் உங்கள் கேட்டில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது உங்கள் பஸ்ஸும் வந்து நின்றது. இறங்கியவர்களில் மஞ்சள் துப்பட்டா போட்ட ஒரு பெண் சட்டென்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். செக்யூரிட்டிக்காரர் பார்ப்பதைக் கண்டதும் அவசரமாகக் கையை இறக்கிவிட்டு அசடு வழியச் சிரித்தாள். அந்தப் பெண்ணிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் வேலை செய்யப்போகும் பொருளின் பெயரைத் திரையில் போட்டார்கள். கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கொண்டே இருந்தது. உலோகத்தையும் கரிமத்தையும் வைத்துச் சாரம் கட்டி, நடுவில் ஓட்டை விட்டு, காற்றிலிருக்கிற ஈரத்தை அந்த ஓட்டையில் பிடிப்பீர்களாம். பாலைவனத்தில்கூடக் குடிதண்ணீர் வருமாம். நல்லது, நன்றாக இருங்கள். எங்களிடம் இருந்தது சிலிக்கா ஜெல். புதுச் செருப்பு வாங்கினால் டப்பாவுக்குள் 'தின்னாதே' என்று எழுதிய குட்டிப் பொட்டலம் இருக்குமே, அதேதான். என் ஆயுளில் பாதியை அந்தப் பொட்டலத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுகிற உங்களை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியும் இதே பக்கம்தான், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. தொண்ணூறுகளின் கடைசியில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். நேற்று நெல் காய்ந்த இடத்தில் இன்று கன்டெய்னர் நிற்கும். ஜெல்லை வறுப்போம், சலிப்போம், பொட்டலம் போடுவோம், அவ்வளவுதான் எங்கள் தொழில். பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும் அந்த மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஒரு கைப்பிடி மணியின் உள்சுவரை எல்லாம் பிரித்து விரித்தால் ஒரு குளத்தையே மூடலாம் என்று எங்கள் முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். அளப்பு என்றாலும் கணக்குச் சரிதான். அவ்வளவு சுவரிலும் ஈரம் போய் ஒட்டிக்கொள்ளும், சூடு காட்டினால் விட்டுவிடும்.

முதலாளி மெட்ராஸில் பழைய இரும்பு வியாபாரம் பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். கெமிஸ்ட்ரி சுத்தமாகத் தெரியாது. லேபில் ஈரம் பார்க்கும் மிஷின் ஒன்று இருந்தது. அதை அவர் ஒரு மாப்பிள்ளை முறுக்கோடுதான் பார்ப்பார். வறுத்த மணி ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைப்பார். நன்றாகக் காய்ந்த மணி எச்சிலை உறிஞ்சி நாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும், சரியாகக் காயாதது வழுக்கும். ஒட்டினால் பாஸ். அவரைப் பார்த்து சூப்பர்வைசர், பேக்கிங் பெண்கள், லோடுமேன் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வெளியாள் யாராவது திடீரென்று உள்ளே வந்தால், நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் கூட்டத்தைப் பார்த்துக் காளி கோயில் திருவிழா என்று நினைத்துத் திரும்பிப் போயிருப்பார். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. மிஷினும் என் நாக்கும் ஒரே பதிலைச் சொன்ன நாட்களில் எனக்குத் தலைகால் புரியாது. "நம்ம ஆளுங்க நாக்கு பொய் சொல்லாது" என்பது அந்தக் கொட்டகையில் வேதவாக்கு.

பிறகு மழை ஏமாற்றிய வருஷங்கள் வந்தன. ரெண்டாயிரத்து மூன்று வாக்கில் இந்தப் பக்கம் கிணறு, போர், ஏரி எல்லாம் கையை விரித்துவிட்டன. லாரி வந்தால் சண்டை, வராவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை. கம்பெனியும் ஆட்டம் கண்டிருந்தது. எங்கள் பொட்டலம் மாதிரியே வெளிநாட்டிலிருந்து மலிவாக இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் முதலாளி ஆபீஸ் கட்டடத்து மொட்டை மாடிக்குப் போனவர், அங்கே வெயிலில் யாரோ மறந்துவைத்த ஜெல் மூட்டையின் பாலிதீன் உறையில் உள்பக்கம் துளித்துளியாகத் தண்ணீர் கோத்திருந்ததைப் பார்த்துவிட்டார். தடதடவென்று கீழே ஓடிவந்தார்.

"இன்னாம்மா கெமிஸ்ட்டு! காத்துலேர்ந்து தண்ணி வர்து. நாம இன்னாத்துக்குப் பொட்டலம் போட்டுகினு கீறோம்?"

அப்படிப் பிறந்தது எங்கள் மிஷின். கட்டியவர் இசக்கி, எங்கள் சூப்பர்வைசர், திருநெல்வேலிக்காரர். தகரத் தட்டுகளில் ஜெல்லைப் பரப்பி ராத்திரி முழுக்கத் திறந்துவைப்பது. கடல் காற்றின் ஈரம் ஏறிக்கொள்ளும். விடிந்ததும் கண்ணாடி போட்டு மூடிவிட்டால் வெயிலில் ஜெல் அந்த ஈரத்தைக் கக்கும். அது பின்பக்கத் தகரத்தில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக வழிந்து கேனுக்கு வரும். மாடி முழுவதும் தட்டு அடுக்கினால் ஒரு நாளைக்கு ஒரு கேன். முதலாளி அதற்கு 'ஆகாச கங்கை' என்று பெயர் வைத்துப் பேனரும் அடித்துவிட்டார். கங்கைக்கு ஒரு கேன் கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் எங்களுக்கு அது பெரிய விஷயம்.

எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஓர் அங்கன்வாடி இருந்தது. எஸ்தர் டீச்சர் நடத்தினார். அந்தச் சிறுசுகளின் அம்மாக்கள் சுற்றியிருந்த கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர்கள். எங்கள் பேக்கிங் பெண்களில் சிலரும் அதில் உண்டு. அங்கன்வாடிக்கு வந்துகொண்டிருந்த லாரி நின்றுபோனது. குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் பிள்ளைகளை வைக்கக் கூடாது, ஏற்பாடு ஆகாவிட்டால் மழை வரும்வரை மூடிவிடுங்கள் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். மூடினால் அந்தப் பெண்களுக்கு ஷிப்ட் போச்சு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லைனில் நிற்க முடியுமா? டீச்சர் எங்கள் கேட்டுக்கு வந்து கேட்டார். முதலாளி நெஞ்சில் கை வைத்து, "எஸ்தரம்மா, பசங்களுக்குத் தண்ணி என் பொறுப்பு" என்றார். தண்ணீர் கொடுக்கும் நாளை விழாவாகவே வைத்து, வட்டார ஆபீசிலிருந்து ஓர் அதிகாரியையும் கூப்பிட்டுவிட்டார். அவர் பார்த்துத் தலையாட்டினால் இந்த வட்டாரத்து அங்கன்வாடிகளுக்கெல்லாம் மிஷின் செய்கிற வேலை நமக்குத்தான் என்பது அவருடைய கணக்கு.

இந்த நேரம் பார்த்து எனக்கு அம்மை போட்டது. செய்யாறு பக்கம் அம்மா வீட்டில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். கம்பெனியை விட்டு அத்தனை நாள் நான் தள்ளியிருந்தது அதுதான் முதல் தடவை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உடம்பெல்லாம் தழும்போடு நான் வேலைக்குத் திரும்பிய காலைதான் விழாக் காலை. கேட்டில் வாழை மரம். உள்ளே நாற்காலிகள். ஷாமியானாவுக்குக் கீழே ஸ்டூல் போட்டு, அதன் மேல் பூச்சரம் சுற்றிய கேன். பக்கத்தில் இசக்கி கல்யாண வீட்டு மாமா மாதிரி வெள்ளை வேட்டியில் நின்றார்.

"வாங்க மேடம்! நல்ல நேரத்துல வந்திய. மொத டம்ளர் ஒங்களுக்குத்தான். குடிச்சிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

நான் இல்லாதபோது தண்ணீரை வெளி லேபுக்கு அனுப்பி உப்பு, கடினத்தன்மை, கிருமி எல்லாம் பார்த்திருந்தார்கள். எல்லாம் சுத்தம். அதோடு, எங்கள் கொட்டகை வழக்கப்படி ஆளுக்கு ஒரு வாய் குடித்தும் பார்த்திருந்தார்கள். நம்ம ஆளுங்க நாக்கு பொய் சொல்லுமா? இளநீர் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார்கள்.

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன். வாய்க்கு முன்னால் மூக்கு வந்துவிட்டதே! நகப் பாலிஷ் பாட்டிலைத் திறந்த மாதிரி குப்பென்று அடித்தது. பெயிண்ட் தின்னர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இசக்கியைப் பார்த்தேன்.

"இசக்கி, இது தின்னர் நாத்தம் அடிக்குதே!"

"என்ன மேடம் இப்பிடிச் சொல்லுதிய? நாங்க எல்லாரும் குடிச்சோம்லா? அம்ம போட்ட வாய்க்குப் பாயாசமும் வேப்பங்காயாத்தான் இருக்கும். ரெண்டு நாள் போனா சரியாயிரும்."

எனக்கே அப்படித்தான் தோன்றியது. அத்தனை பேர் இனிக்கிறது என்கிறார்கள், காய்ச்சலில் கிடந்து வந்தவள் நான் ஒருத்தி மட்டும் நாறுகிறது என்கிறேன். யார் நாக்கை நம்புவது? அதிகாரி கிளம்பிவிட்டார் என்று போன் வந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வரிசையில் நின்று பாட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தன, கையில் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர்.  தப்பாகச் சொல்லி நிறுத்திவிட்டால் அங்கன்வாடி மூடிவிடும். பேசாமல் இருந்துவிட்டால் அந்தச் சிறுசுகள் தின்னரைக் குடிக்கும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் மிஷினைத் தேடுவீர்கள். எங்களிடம் தின்னரைக் கண்டுபிடிக்கிற மிஷின் கிடையாது, வெளி லேபும் அதைத் தேடவில்லை. இருந்தது ஒரு சுவர்தான். இசக்கியை லேபுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"நான் செவுத்தப் பாத்து நிக்கறேன். நீங்க லாரித் தண்ணியையும் மிஷின் தண்ணியையும் மாத்தி மாத்தி என் மூக்குகிட்ட நீட்டுங்க. எதுன்னு சொல்லாதீங்க. என் வாய்தான் கெட்டுப்போச்சுன்னா எல்லாமே ஒரே மாதிரி நாறணும், இல்லியா?"

மனுஷர் குசும்புக்காரர். மாற்றி மாற்றி நீட்டாமல் லாரித் தண்ணீரையே திரும்பத் திரும்ப நீட்டினார். லாரி, லாரி, லாரி என்றேன். பிறகு மிஷின் தண்ணீரை நீட்டினார். கேட்பதற்கு முன்னால் எனக்குக் குமட்டிவிட்டது. அவர் விடாமல் கலைத்துக் கலைத்துக் கொடுத்தார், நான் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. திரும்பிப் பார்த்தால் வெள்ளை வேட்டிக்காரர் முகமும் வேட்டி நிறத்துக்கு வந்திருந்தது.

"சவம், நம்ம எல்லாவனுக்கும் மூக்கு செத்துப்போச்சா மேடம்?" என்றார்.

செத்துத்தான் போயிருந்தது. எங்களுக்கு அடுத்த காம்பவுண்டு, கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனி. அதன் புகைபோக்கி அங்கன்வாடிக்கும் எங்கள் மாடிக்கும் நேராக மூச்சு விடும். வருஷக்கணக்காக அதை முகர்ந்து முகர்ந்து எங்களுக்கு அது காற்றாகவே ஆகிவிட்டது. செய்யாற்றில் படுத்துக் கிடந்த நாட்களில் என் மூக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை மறந்திருந்தது. ஜெல் நம்மைப் போலப் பழகிக்கொள்ளாது. அதன் ஓட்டைக்குள் ஈரம் போகிற வழியில் தின்னரும் போகும், ஈரம் வெளியே வரும்போது கூடவே அதுவும் வரும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எங்களுக்குத் தின்னர் இனித்திருக்கிறது. சேலத்துக்காரர்களோ செய்யாற்றுக்காரர்களோ வந்து இந்த மிஷினைக் கட்டியிருந்தால் முதல் வாயிலேயே துப்பியிருப்பார்கள். இந்தத் தப்பைச் செய்ய எங்களைப் போல நாக்குப் பெருமை பிடித்தவர்களாகவும், இந்த ரோட்டிலேயே வேலை பார்த்தவர்களாகவும் இருக்க வேண்டும்.

முதலாளியிடம் ஓடினேன். அவர் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அவ்ளோதானே? நன்னாரி சர்பத் ஒரு பாட்டில் வாங்கினு வரச் சொல்லு. ஊத்திக் கலக்கு. பசங்களும் ஜாலியா குடிக்கும்."

"சார், அது தின்னர். பச்சப் புள்ளைங்க வயித்துக்குள்ள போகக் கூடாது."

"இன்னாம்மா நீ! ஆபீசர் பாலத்தாண்ட வந்துட்டாரு. இன்னிக்கு ஒரு வாய் குட்ச்சா இன்னா ஆவும்? நாளைக்கு நீ உக்காந்து சரி பண்ணு. பேஜாரு பண்ணாத, போ."

இதைச் சொல்லிவிட்டு அவர் மாலையை எடுக்கப் போனார். வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. பிள்ளைகள் டீச்சருக்குப் பின்னால் வரிசையாக உள்ளே வந்தன. பேசுவதற்கு நேரமில்லை. பேசினாலும் எடுபடாது, ஊரெல்லாம் ஒரு பக்கம், தழும்பு முகத்தோடு நான் ஒரு பக்கம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான். பூச்சரத்தைப் பிடுங்கிப் போட்டேன், கேனை ஸ்டூலிலிருந்து இறக்கித் தரையில் வைத்து மூடியை இறுகத் திருகி மூடினேன், அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்ததற்கு அதுதான் நான் கண்ட உருப்படியான பிரயோகம்.

முதலாளி மாலையோடு வந்தார். அதிகாரியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமல் என்னிடம் குனிந்து பல்லைக் கடித்தார்.

"எந்திரிம்மா."

"மாட்டேன் சார்."

"சேர் போடச் சொல்றேன், அதுல குந்து."

"எனக்கு இதான் வசதியா இருக்கு."

"வேலைய வுட்டுத் தூக்கிடுவேன், ஆமா!"

"தூக்குங்க. கேனோட சேத்துத்தான் தூக்கணும்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என் முகத்தைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். எஸ்தர் டீச்சர் வேகமாக முன்னால் வந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம்.

"இன்னா மேடம் இது? நாளைலேர்ந்து பூட்டு போடணும், தெரியும்ல? உங்க பேக்கிங்ல கீறவங்க புள்ளைங்களும்தான் இதுல கீது. ஒரு கேன் தண்ணி. அதுவும் குடுக்க மனசு வரலியா உங்களுக்கு?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இந்த ஊரில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது, அது அங்கேயே போய்விட்டது என்று நினைத்தேன். இசக்கியிடம் லேபிலிருந்த டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி டீச்சரிடம் நீட்டினேன். "குடிக்காதீங்க டீச்சர். மோந்து மட்டும் பாருங்க."

முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இதுல இன்னா கீது? எங்க ரூம்பு வாசனைதானே வருது."

சொல்லி முடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார், சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தண்ணில இது எங்கேந்து வந்துச்சி மேடம்?"

"காத்துலேர்ந்து."

"எங்க காத்துலேர்ந்தா?"

"ஆமா டீச்சர்."

"பசங்க குடிக்கக் கூடாதுன்னு நீங்க கேன் மேல குந்திக்கினீங்க. சரி. காத்து மேல யாரு மேடம் குந்தறது?"

அதுவரை பெரிய தியாகம் செய்தவள் மாதிரி நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், என் முதுகு தானாக வளைந்தது. தண்ணீர் என்றால் மூடி போட்டு மேலே உட்காரலாம். அந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே சரக்கைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தன. அந்தப் புகைபோக்கியைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் நான் மாடியில் ஈரம் அளந்திருக்கிறேன்.

எங்கள் முதலாளியை நீங்கள் அயோக்கியன் என்று முடிவுகட்டியிருப்பீர்கள். பாதி சரி. மீதிப் பாதி அப்போதுதான் வெளியே வந்தது. மாலையை நாற்காலியில் எறிந்தார், என்னை எழுப்பினார், கேனைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"எஸ்தரம்மா, பசங்களக் கூட்டினு வா. ஆபீசர் சார், நீங்களும் வாங்க. மூடச் சொன்னது உங்க ஆபீஸ்தானே? இன்னாத்துக்கு மூடணும்னு வந்து பாருங்க."

அதிகாரி ஜீப் பக்கம் நழுவப் பார்த்தார். "எனக்கு மதியம் மீட்டிங் இருக்குதே" என்றார். சிறுசுகள் அவரைச் சுற்றிக்கொண்டன. ஒன்று அவர் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டது. அவரும் மனுஷர்தானே, விரலை உதற முடியவில்லை.

முன்னால் கேனோடு முதலாளி, பின்னால் டம்ளரோடு டீச்சர், பிள்ளைகள், அதிகாரி, நான், வேட்டியை மடித்துக் கட்டிய இசக்கி. இப்படி ஒரு ஊர்வலம் பக்கத்துக் கம்பெனி கேட்டுக்குப் போனது. அதிகாரியைப் பார்த்ததும் செக்யூரிட்டி கேட்டைத் திறந்துவிட்டார். மேனேஜர் இறங்கிவந்தார். தினமும் சிட்டியிலிருந்து கண்ணாடி ஏற்றிய ஏ.சி. காரில் வந்து, ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, அதே காரில் திரும்பிப் போகிறவர்.

முதலாளி கேனை அவர் காலடியில் இறக்கினார். மிகவும் பவ்யமாகப் பேசினார், அவர் பவ்யமாகப் பேசினால் ஆபத்து.

"ஒண்ணுமில்ல சார். உங்க சரக்கு கொஞ்சம் தெரியாத்தனமா எங்க மாடிக்கு வந்துட்ச்சி. திருப்பிக் குட்த்துட்டுப் போலாம்னு வந்தோம்."

டீச்சர் டம்ளரை நீட்டினார். மேனேஜர் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு மூக்கு உயிரோடு இருந்தது.

"ஐயய்யோ, இதை யார் குடிக்கச் சொன்னது உங்களை?"

"யாரும் குடிக்கல சார், மூச்சு வுடறோம்" என்றார் எஸ்தர் டீச்சர். "இதுங்க எல்லாம் காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் இதைத்தான் மூச்சு வுடுது."

மேனேஜர் பிள்ளைகளைப் பார்த்தார். எவர்சில்வர் டம்ளரோடு அவை அவரைப் பார்த்தன. அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எழுதிக் குடுத்துடுங்க சார், எப்ப சரி பண்ணுவீங்கன்னு" என்றார். அவர் அன்று செய்த ஒரே வேலை அது, ஆனால் சரியான நேரத்தில் செய்தார்.

விஷயம் இதுதான். அவர்கள் புகைபோக்கிக்கு முன்னால் ஒரு பெரிய கரிப் பெட்டி உண்டு. தின்னரைப் பிடித்துவைக்கிற கரி. அதுவும் ஓட்டைப் பொருள்தான், எங்கள் ஜெல்லுக்குப் பங்காளி முறை. ஓட்டை நிரம்பிவிட்டால் கரியை மாற்ற வேண்டும். நிரம்பி எத்தனையோ காலம் ஆகியும் யாரும் மாற்றவில்லை, ஏனென்றால் அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் நாறவில்லை. புதுக் கரியை யார் சப்ளை செய்தது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் முதலாளிதான். அன்றுவரை அவர் கரி விற்றதே கிடையாது, சாயங்காலத்துக்குள் எங்கிருந்தோ ஏஜென்சி பிடித்துவிட்டார். கம்பெனி அதில்தான் பிழைத்தது. அன்று கேனைத் தூக்கியது பிள்ளைகளுக்காகவா ஆர்டருக்காகவா என்று ஒரு தடவை அவரிடமே கேட்டேன். "ரெண்டு தோளு கீதும்மா" என்றார். என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஆனால் நான் ரிட்டயர் ஆகும்வரை வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், "நம்ம கெமிஸ்ட்டு, கேன் மேல குந்தின அம்மா" என்றுதான் அறிமுகப்படுத்தினார்.

அங்கன்வாடி மூடவில்லை. கரி மாற்றும்வரை பிள்ளைகளை ஊருக்கு உள்ளே சர்ச் ஹாலில் வைத்துக்கொள்வது, பக்கத்துக் கம்பெனி கேன்டீனிலிருந்து தினமும் நல்ல தண்ணீர் அனுப்புவது என்று பேசி முடித்தவர் எஸ்தர் டீச்சர். முதல் கேன் கண்ணெதிரில் வெளியே வரும்வரை அவர் அந்தக் கேட்டை விட்டு நகரவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் ஒரு பொன்னாடையை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். கரி மாற்றினார்கள். இசக்கி ஜெல்லை எல்லாம் மறுபடி வறுத்துத் தட்டில் பரப்பினார். புதுத் தண்ணீர் சொட்டியது. எல்லோரும் பெருமையோடு என்னிடம் டம்ளரை நீட்டினார்கள், ஊரிலேயே உயிருள்ள மூக்கு என்னுடையது என்று. முகர்ந்தேன். ஒரு வாசனையும் இல்லை. எனக்கு சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நான் அம்மை முடிந்து திரும்பி வந்து பல வாரம் ஆகியிருந்தது. தண்ணீர் சுத்தமாகிவிட்டதா, என் மூக்கு செத்துவிட்டதா? லேபிலிருந்து பழைய கேனின் மிச்சத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அன்று குமட்டிய அதே தண்ணீர். லேசாக, எங்கேயோ தூரத்தில் யாரோ பெயிண்ட் அடிக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அதுக்கு இன்னா மேடம், எங்க அண்ணன் பையன் கல்யாணத்துக்கு நாகர்கோவில்லேர்ந்து பொண்ணு வூட்டுக்காரங்க வந்து எறங்கிக்கீறாங்க. கேட்டுருவோம்" என்றார். கல்யாண வீட்டுக்கு இரண்டு டம்ளரோடு போனோம், ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது. சம்பந்தி அம்மாள் பழையதை முகர்ந்ததும் முகத்தைச் சுளித்தார், "ஐயே, எந்தக் கடையில வாங்கினிய இத?" என்றார். புதியதை முகர்ந்தார். முகர்ந்துவிட்டு எங்களை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"இது வெறும் தண்ணிலா? தண்ணிக்கு என்ன மணம் இருக்கும்?"

அந்த டம்ளரை வாங்கி எஸ்தர் டீச்சர் அங்கேயே மடக் மடக்கென்று குடித்தார். மறுநாள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அதிலிருந்து அந்த ஊருக்கு யார் புதிதாக வந்தாலும், மருமகள், மாமியார், கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவர் யாரானாலும், காபிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை முகரக் கொடுப்பார்கள். வந்தவர்கள் பைத்தியக்கார ஊர் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். பிறகு மழை வந்தது, ஏரி நிரம்பியது, ஆகாச கங்கையை எல்லோரும் மறந்துபோனார்கள். தட்டுகளில் முதலாளி வத்தல் காயப் போட்டார். முகரக் கொடுக்கிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

நான் ரிட்டயர் ஆகிப் படப்பையில்தான் குடியிருக்கிறேன். இதே ரோடு, இதே காற்று. அதனால்தான் உனக்காக இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தேன், மஞ்சள் துப்பட்டா. எழுந்திரு கண்ணு, கூச்சப்படாதே. காலையில் இந்தக் கேட்டில் உனக்கு எதுவோ நாறியது. நீ இறங்கிய இடத்தில்தான் நானும் இறங்கினேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன் வரிசையில் இருக்கிற உங்கள் மேனேஜர்களுக்கும் தெரியவில்லை, அவர்கள் முகத்தைப் பார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாளில் உனக்கும் பழகிவிடும், அப்புறம் எத்தனை சம்பளம் கொடுத்தாலும் உன்னால் அதைச் சொல்ல முடியாது.

தம்பி, அந்த மைக்கை அவளிடம் கொடுங்கள்.